கோடையில் மரம் எப்படித் தண்ணீர் குடிக்கிறது?
கன்று வளர்ப்போர் அறிய வேண்டியவை

 

சென்ற தை மாதம் நம் பள்ளிவாசல் தெருவிலும் மையவாடிச் சுவரை ஒட்டியும் மரக்கன்றுகள் நட்டோம். அழகாகப் பாத்தி கட்டி, வேலி அடைத்து, பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்தோம். அவர்களும் குறை வைக்கவில்லை. அஸருக்குப் பிறகு தினமும் கன்றுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள். ஆனாலும் வைகாசி முடிவதற்குள் பாதிக்கு மேல் கருகிவிட்டன.

"தினமும்தானே ஊத்துனோம் காக்கா, பொறவு ஏன் பட்டுப்போச்சு?" என்று அவர்களில் ஒரு பையன் கேட்டான். பக்கத்திலேயே மையவாடிக்குள் ஒரு பனையும் ஒரு உடைமரமும் நிற்கின்றன. யாரும் ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்றாமல் அவை பச்சையாக நிற்கும்போது, நாம் தாங்கித் தாங்கி வளர்த்தவை ஏன் செத்தன?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியபோது தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். வரும் மழைக்காலத்தில் கன்று வைக்கப்போகும் குடும்பங்களுக்கு உதவும்.

மழை குறைவா, இடைவெளி அதிகமா?

நம் இராமநாதபுரம் மாவட்டத்தை வறண்ட பூமி என்கிறோம். ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. இலண்டன் நகரத்தில் சுமார் 600 மில்லிமீட்டர்தான். அங்கே புல் காய்வதில்லை, இங்கே கண்மாய் வெடிக்கிறது. காரணம் இரண்டு. இலண்டனில் மழை பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறுகிறது. நமக்கோ பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மீதி மாதங்களில் வெயில்தான். இரண்டாவது காரணம், நம் கோடையில் திறந்த தொட்டியிலிருந்து ஒரு நாளில் 5 முதல் 8 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும்.

ஆகவே இங்கே வாழும் மரம் பார்க்கும் கணக்கு, எவ்வளவு மழை பெய்தது என்பதல்ல. அடுத்த மழை வரை எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதுதான்.

வேரின் வேலை

மரத்தடியில் நாம் பார்க்கும் பருத்த வேர்கள் மரத்தைத் தாங்கிப் பிடிப்பவை. தண்ணீரை உறிஞ்சுபவை அவற்றின் நுனியில் கிளைத்துக் கிளைத்து ஓடும் மெல்லிய வேர்கள். அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வேர்த்தூவிகள் உண்டு. இவை மண் துகள்களுக்கு இடையே புகுந்து, துகளைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் ஈரத்தை எடுக்கின்றன. வளர்ந்த மரத்தில் இந்த உறிஞ்சு வேர்கள் அடிமரத்தில் இல்லை. மரத்தின் நிழல் விழும் எல்லையிலும் அதற்கு அப்பாலும் பரவியிருக்கும். அதனால்தான் வளர்ந்த மரத்துக்கு அடிமரத்தில் ஊற்றும் தண்ணீரில் பாதி வீண்.

மண் தண்ணீரைச் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. ஈரமான துணியைப் பிழிவதை நினைத்துப் பாருங்கள். முதலில் லேசாக முறுக்கினாலே தண்ணீர் ஒழுகும். போகப்போகப் பலம் கொண்டு முறுக்க வேண்டும். கடைசியில் துணி ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு சொட்டுகூட வராது. மண்ணும் அப்படியே. மழை பெய்த மறுநாள் வேருக்கு வேலை எளிது. மண் காயக் காய, மிச்சமிருக்கும் ஈரத்தை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான பயிர்கள் சுமார் 15 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான இழுவிசை வரை இழுத்துப் பார்க்கும். அதற்கு மேல் முடியாமல் வாடிவிடும். மோட்டார் சைக்கிள் டயரில் நாம் அடைக்கும் காற்று 2 வளிமண்டல அழுத்தம் அளவுதான் என்பதை நினைத்தால், அந்தச் சின்ன வேர் செய்யும் வேலை விளங்கும். வறண்ட நில மரங்கள் பல இதையும் தாண்டி இழுக்கக்கூடியவை.

மண்ணுக்கு மண் இது மாறும். கடற்கரை மணல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, செடிக்குப் பயன்படக்கூடிய தண்ணீராக 50 முதல் 80 மில்லிமீட்டர் அளவே பிடித்து வைக்கும். நல்ல வண்டல் கலந்த மண் 150 மில்லிமீட்டருக்கு மேல் வைத்திருக்கும். நம் தெருவில் இருப்பது மணல். ஊற்றியதை உடனே கீழே விட்டுவிடும், மேலே இருப்பதை வெயில் எடுத்துக்கொள்ளும்.

மோட்டார் இல்லாமல் மேலே ஏறும் தண்ணீர்

வீட்டுக் கிணற்றில் மேலே மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்ணீர் இருபத்தைந்து அடிக்குக் கீழே போய்விட்டால் அந்த மோட்டார் திணறும். எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் மேலிருந்து உறிஞ்சி 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாது. அதனால்தான் போர் போட்டால் மோட்டாரைக் குழாய்க்குள் கீழே இறக்குகிறோம். ஆனால் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் செம்மரம் எனப்படும் ஊசியிலை மரங்களில் சில 115 மீட்டர் உயரம் வளர்ந்திருக்கின்றன. அவற்றின் உச்சி இலைக்கும் தண்ணீர் போகிறது. எப்படி?

1894ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் டிக்ஸன், ஜாலி என்ற இரு அறிஞர்கள் இதற்கு விடை சொன்னார்கள். இன்றுவரை அறிவியல் உலகம் பெரும்பாலும் ஏற்றிருப்பது அவர்கள் விளக்கத்தைத்தான். தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் குணம் உடையவை. மரத்தின் கட்டைக்குள் மயிரிழை போன்ற குழாய்கள் வேர் முதல் இலை வரை ஓடுகின்றன. அந்தக் குழாய்க்குள் தண்ணீர் அறுந்துபோகாத நூல் போல நிற்கிறது. இலையில் வெயில் பட்டு ஒரு துளி ஆவியாகும்போது, அது தனக்குப் பின்னால் இருக்கும் துளியை இழுக்கிறது. அது அடுத்ததை இழுக்கிறது. இழுப்பு இப்படியே வேர் வரை இறங்கி, வேர் மண்ணிலிருந்து இழுக்கிறது. மரம் தண்ணீரைக் கீழிருந்து தள்ளுவதில்லை, மேலிருந்து இழுக்கிறது. வேலையைச் செய்வது வெயில்தான். இதற்காக மரம் தன் உணவில் ஏதும் செலவழிப்பதில்லை.

இப்படி இழுத்த தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இலை வழியாகக் காற்றில் போய்விடுகிறது. மரம் தன் உடலுக்கென்று வைத்துக்கொள்வது மிகக் கொஞ்சம்.

தாகமா, பட்டினியா?

இவ்வளவையும் ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இலையின் அடிப்புறத்தில் மிக நுண்ணிய துளைகள் உள்ளன. மரம் தனக்கு உணவு தயாரிக்கக் காற்றிலிருந்து கரியமில வாயுவை இந்தத் துளைகள் வழியாகத்தான் எடுக்க வேண்டும். துளை திறந்தால் வாயு உள்ளே வரும், அதே நேரம் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும். ஒரு துகள் கரியமில வாயு உள்ளே வருவதற்குள் சில நூறு துகள் தண்ணீர் வெளியேறிவிடுகிறது.

ஆகவே மரத்துக்கு எப்போதும் ஒரு இக்கட்டு. துளையைத் திறந்தால் தாகம், மூடினால் பட்டினி. வறண்ட நில மரங்கள் காலை இளவெயிலில் துளைகளைத் திறந்து வேலையை முடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் மூடிக்கொள்கின்றன. மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் ஒருவகைச் சுரப்பு உண்டாகி, துளைகளைச் சாத்தும்படி இலைகளுக்குத் தெரிவிக்கிறது. நண்பகலில் செடி வாடித் தொங்கி, மறுநாள் ஃபஜ்ர் நேரத்தில் நிமிர்ந்து நின்றால் பயப்பட வேண்டாம். இரவில் துளைகள் மூடியிருக்க, வேர் மெல்ல மெல்ல இழுத்துக் குறையை நிரப்பிவிட்டது என்று பொருள். விடியற்காலையிலும் வாடியே இருந்தால்தான் அது உண்மையான தாகம். கன்றுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று அறிய விடியற்காலையில் பார்ப்பதே சரி.

நூல் அறுந்தால்

மண் மிகவும் காய்ந்து, வெயில் மேலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் நூல் விறைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து நூல் அறுந்துவிடும். அந்தக் குழாய் அதோடு வேலை செய்யாது. நுட்பமான கருவி வைத்துக் கேட்டால் குழாய்கள் அறுபடும் 'டிக், டிக்' ஓசை பதிவாகிறது. ஒன்றிரண்டு அறுந்தால் மரம் சமாளிக்கும். பல அறுந்தால் கிளை காயும். பெரும்பாலானவை அறுந்தால், பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் மரம் திரும்பாது. "நேற்றுவரை நன்றாக இருந்ததே" என்று நாம் வியக்கும் மரணம் பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது.

2012இல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் 226 மர வகைகளைச் சோதித்தது. அவற்றில் சுமார் 70 சதவீதம், இந்த அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில்தான் அன்றாடம் வாழ்கின்றன என்று தெரிந்தது. மழைக்காட்டு மரமும் சரி, வறண்ட நில மரமும் சரி, அதனதன் இடத்துக்கு ஏற்ற விளிம்பில் நிற்கிறது. வழக்கத்தைவிடக் கடுமையான ஒரு கோடை வந்தால் பழைய மரங்களும் சாய்வது இதனால்தான்.

வறண்ட நில மரங்களின் வழிகள்

ஆழம் தேடுபவை ஒரு வகை. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது, நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவான மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் கலஹாரி வறண்ட நிலத்தில் ஒரு மரத்தின் வேர் 68 மீட்டர் வரை இறங்கியிருந்ததாகப் பதிவு உண்டு. துபாய், அபுதாபியில் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் மணல்மேட்டில் தன்னந்தனியாக நிற்கும் 'காஃப்' மரத்தைப் பார்த்திருப்பார்கள். அமீரகத்தின் தேசிய மரம் அது. வேறு எதுவும் இல்லை, நம் ஊர் வன்னி மரம்தான். மேலே மணல் கொதித்தாலும் அதன் வேர் ஆழத்து ஈரத்தில் இருக்கிறது.

இலையை உதிர்ப்பவை இன்னொரு வகை. செலவைக் குறைக்க இலையையே துறப்பது. மையித்தைக் குளிப்பாட்ட நாம் இலை பறிக்கும் இலந்தை, கடும் கோடையில் இலையுதிர்த்து நிற்கும். பட்டுப்போனது என்று யாரும் வெட்டிவிடக் கூடாது, மழை வந்தால் தளிர்க்கும். வேம்பு மாசி வாக்கில் இலை கொட்டி, பங்குனி சித்திரையில் மழை இல்லாமலே தளிரும் பூவும் விடுகிறது. ஆழத்தில் தேங்கிய மழைக்கால ஈரத்தை நம்பியே அது இதைச் செய்கிறது.

சேமிப்பவை மூன்றாம் வகை. இலங்கையின் மன்னாரிலும் நம் பக்கத்தில் ஓரிரு இடங்களிலும் பருத்த அடிமரத்தோடு நிற்கும் பெருக்க மரத்தை, அரபு வணிகர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதன் தண்டு நனைந்த பஞ்சு போலத் தண்ணீர் நிறைந்தது. ஆனால் அந்தச் சேமிப்பை அது கோடை முழுதும் குடிப்பதில்லை. இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருந்து, மழைக்குச் சற்று முன் புதுத் தளிர் விடுவதற்காகச் செலவழிக்கிறது. நம் பனையும் தண்டில் தண்ணீர் வைத்திருக்கும். அதன் ஓலை தடிப்பானது, மெழுகு பூசியது போன்றது. வீணாக ஈரத்தை விடாது.

இன்னொரு அதிசயமும் உண்டு. ஆழ வேர் உள்ள சில செடிகளும் மரங்களும் இரவில் இலைத்துளைகளை மூடியபின், கீழே எடுத்த தண்ணீரில் ஒரு பங்கை மேல்மண்ணில் இருக்கும் தம் வேர்கள் வழியே கசியவிடுகின்றன. ஈரம் உள்ள இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்கு வேரே வாய்க்காலாகிறது. 1987இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு புதர்ச்செடியில் இதை அளந்து காட்டினார்கள். பக்கத்தில் நிற்கும் ஆழ வேரில்லாத செடிகளும் அந்த ஈரத்தைக் குடிக்கின்றன.

சீமைக்கருவேலம் காற்றை உறிஞ்சுகிறதா?

சீமைக்கருவேலம் காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று கைப்பேசியில் செய்திகள் சுற்றுகின்றன. மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு இது பொருந்தாது என்று தெரியும். எந்த மரமும் வேரால் எடுத்து இலையால் விடுகிறது. சீமைக்கருவேலமும் காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கிறதே தவிர, காற்றைக் காயவைப்பதில்லை.

ஆனால் அதன் மீதான குறை பொய்யல்ல. கோடையிலும் இலையோடு நின்று, எட்டும் இடத்தில் நிலத்தடி நீரைச் செலவழிக்கிறது. கண்மாயிலும் வரத்துக்காலிலும் அடைத்துக்கொண்டு தண்ணீர் வரவைத் தடுக்கிறது. மற்ற செடிகளை வளரவிடுவதில்லை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டதும் நினைவிருக்கும். அகற்றுவது நல்லதுதான். ஆனால் வெட்டிய இடத்தை வெட்டவெளியாக விட்டால் அடுத்த மழையில் அதுவே முளைக்கும். அங்கே வேறு மரம் வைத்துக் காப்பாற்றுவதுதான் உண்மையான அகற்றல்.

அரஃபாத்தின் வேம்பு

ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள் அரஃபாத் மைதானத்தில் வேப்பமர நிழலில் இருந்ததைச் சொல்லக் கேட்டிருப்போம். அங்கே சுமார் 50,000 வேம்புகள் நடப்பட்டதாக ஆய்வேடுகளில் பதிவாகியுள்ளது. மக்காவில் ஆண்டு மழை சராசரியாக 110 மில்லிமீட்டர் அளவுதான், நம் ஊரில் பெய்வதில் ஏழில் ஒரு பங்கு. அங்கே வேம்பு நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் வேம்பின் உறுதி மட்டுமல்ல. குழாய் போட்டு முறையாகத் தண்ணீர் கொடுத்தார்கள். வறட்சியைத் தாங்கும் மரம் என்றால் தண்ணீரே வேண்டாத மரம் என்று பொருளல்ல. வேர் இறங்கும்வரை எந்த மரமும் குழந்தைதான்.

அந்த நிழலின் குளிர்ச்சிக்கும் தண்ணீரே காரணம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, மின்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 0.7 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மரம் ஒரு நாளில் 50 லிட்டரை ஆவியாக்கினால், ஒன்றரை டன் ஏசி ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடி அகற்றும் வெப்பத்தை அது அகற்றிவிடுகிறது. மின்கட்டணம் கட்ட முடியாத வீட்டின் வாசலில் ஒரு வேம்பு நிற்பது சின்ன விஷயமல்ல.

நாம் செய்த தவறு

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். தவறு பிள்ளைகளுடையதல்ல, பெரியவர்களான நம்முடையது.

முதல் தவறு, தை மாதத்தில் நட்டது. மழை முடிந்தபின் நட்டதால், வேர் இறங்க வேண்டிய காலத்தில் மண் காய்ந்துகொண்டிருந்தது. மேலே இருக்கும் ஈரம் கீழே இறங்க இறங்க, வேரும் அதைத் துரத்திக்கொண்டு இறங்க வேண்டும். நம் கன்றுகளுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

இரண்டாவது, ஊற்றிய முறை. மூன்றடிக்கு மூன்றடி பாத்தியில் ஒரு வாளி, அதாவது 10 லிட்டர் ஊற்றினால் பாத்தி முழுதும் 12 மில்லிமீட்டர் மழை பெய்தது போல. நம் மணலில் அது அரைச் சாண் ஆழம்தான் நனைக்கும். அந்த அரைச் சாணை மறுநாள் வெயில் காயவைத்துவிடும். ஈரம் மேலே மட்டும் இருந்ததால் வேரும் மேலேயே படர்ந்தது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் சில நாள் வராதபோது, மேல்மண் கொதித்து அந்த வேர்கள் வெந்துவிட்டன. அதே தண்ணீரை ஐந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து வாளியாக ஊற்றியிருந்தால் இரண்டடி ஆழம் வரை நனைந்திருக்கும். வேரும் அங்கே போயிருக்கும்.

இனி செய்ய வேண்டியவை

1. புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசிக்குள் நடுங்கள். மழைக்காலம் முழுதும் வேர் இறங்கக் கிடைக்கும்.

2. கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். பை அடியில் வேர் சுருண்டு கிடந்தால் அது தரையில் நட்ட பின்பும் சுருண்டே வளரும். பையைக் கிழித்து எடுத்துவிட்டு, சுருண்ட வேரை நீட்டிவிட்டு நடுங்கள்.

3. நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் மழை இல்லாவிட்டால், கன்றின் தூரை ஒட்டித் தினமும் கொஞ்சம் ஊற்றலாம். அதன்பின் இடைவெளியை நீட்டி, வாரம் இரண்டு முறை ஆழமாக ஊற்றுங்கள். இரண்டாம் ஆண்டுக் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றினால் போதும். மரம் வளர வளரப் பாத்தியையும் வெளிப்புறமாக நகர்த்துங்கள்.

4. பானைப் பாசனம் நம் மணலுக்கு மிக ஏற்றது. மெருகு பூசாத நாலைந்து லிட்டர் மண்பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடுங்கள். மண் காய்ந்தால் பானையின் சுவர் வழியே ஈரத்தை இழுக்கும், நனைந்திருந்தால் இழுப்பு குறையும். தேவைக்கு ஏற்பத் தண்ணீர் தானே போகும். மூடி கட்டாயம், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

5. காய்ந்த ஓலை, சருகு, தென்னை மட்டையைப் பாத்தியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தூரில் முட்டாமல் ஒரு சாண் விடுங்கள். வாசலைக் கூட்டிச் சருகைக் கொளுத்துவதைவிட இது மேல்.

6. ஒளூச் செய்த தண்ணீரில் சோப்பு இல்லை. ஹவுளிலிருந்து சாக்கடைக்குப் போகும் அதைத் திருப்பிவிட்டால் பள்ளிவாசல் மரங்களுக்கு வேறு தண்ணீர் தேவைப்படாது. துணி துவைத்த சோப்புத் தண்ணீர் கன்றுக்கு வேண்டாம். சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். அதில் உப்பு கூடுதல். மண்ணில் உப்பு ஏறினால், தண்ணீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. கிணறு உவர்ப்பாக இருந்தால் அடிக்கடி கொஞ்சம் ஊற்றுவதைத் தவிர்த்து, ஆழமாக ஊற்றி உப்பை வேருக்குக் கீழே தள்ளுங்கள்.

7. தெருவுக்குச் சிமெண்ட் போடும்போது மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விடச் சொல்லுங்கள். வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும்.

8. இடத்துக்கு ஏற்ற மரம் தேர்ந்தெடுங்கள். வேம்பு, பூவரசு, புங்கன், புளி, இலந்தை, வன்னி ஆகியவை நம் மண்ணுக்குப் பழகியவை. மையவாடி ஓரத்தில் ஓர் இலந்தை இருந்தால் மையித்து வீட்டார் இலைக்கு அலைய வேண்டியதில்லை. பனங்கொட்டை புதைத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் பேரப்பிள்ளைகள் வரை நிற்கும்.

மேலே சொன்ன எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. கோடையில் குடம் குடமாகத் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர் இது. ஊற்றும் ஒவ்வொரு வாளியும் வேருக்குப் போய்ச் சேர வேண்டும், வெயிலுக்கு அல்ல.

பட்டுப்போன கன்றுகளைப் பிடுங்கியபோது அந்தப் பையனும் கூட இருந்தான். வேரைத் தூக்கிப் பார்த்தால், எல்லாம் பக்கவாட்டில் அரைச் சாணுக்குள்ளேயே ஓடியிருந்தன. நம் கணக்கு சரி என்று மண்ணே காட்டிவிட்டது. அந்தக் குழிகளை மூடாமல் வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், புரட்டாசி கடைசியில் மீண்டும் நடுவோம். குழிக்கு ஒரு வீடு என்று பொறுப்பேற்க விரும்பும் குடும்பங்கள் பள்ளிவாசலில் பெயர் கொடுக்கவும். வீட்டில் பழைய மண்பானை இருந்தால், விளிம்பு உடைந்ததானாலும் பரவாயில்லை, கொண்டுவந்து தரவும். ஓட்டை இல்லாமல் இருந்தால் போதும்.